அவர் தண்ணீர் குடித்தாரா?

கீழவாசல், மதுரை
18-2-1935

அன்புள்ள ஒச்சம்மாள் அக்காவுக்கு, ஜெயக்கொடி எழுதுவது.

கர்த்தர் உங்களையும் அத்தானையும் கருவேலங்குளத்தில் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம், என் மாமியார் ஒருவரைத் தவிர. தை மாதம் வழுக்கி விழுந்தது முதல் அவர்களுக்குப் படுக்கையிலேயே கஞ்சி, படுக்கையிலேயே சண்டை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவர்களை விட்டு ஒரு பொழுதுகூட நகர முடியவில்லை. இவருக்கு அச்சாபீஸ் வேலை மதுரைக்கு மாறாமல் நாங்கள் ஒத்தக்கடையிலேயே இருந்திருந்தால், சனிக்கிழமைதோறும் வண்டி ஏறி உங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருப்பேன். என்ன செய்ய?

உங்கள் கடிதாசியைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்பு மணலில் "அ" போடத் தெரியாமல் விரலைச் சுருட்டிக்கொண்டவர், இன்று தன் கையால் நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நானும் பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் இல்லை. பலசரக்குப் பொட்டலக் காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டினவள். ஆகையால் அந்த நாலு வரிக்கு என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 28-ஆம் தேதி உங்கள் வீட்டாருக்கு ஞானஸ்நானம் என்று போதகர் ஐயா சொன்னார். அத்தான் ஆண்டிச்சாமியே வாய் திறந்து சம்மதம் சொன்னாராமே! நான் எந்தக் கதையை எந்தத் தெருவில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று தேதி போட்டுக் கணக்கு எழுதுகிறவள், உங்களுக்குத் தெரியும். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். உங்கள் தெருவில், தள்ளி வைக்கப்பட்ட சமாரியா நாட்டுப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட கதையை மட்டும் பதினொரு தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கேட்டு வாங்கினதுதான். "அந்தக் கெணத்தடிக் கதையைச் சொல்லு தங்கச்சி" என்று.

இனி நீங்கள் என்னை நம்பியிருக்க வேண்டாம். யோவான் எழுதின சுவிசேஷத்தைச் சின்னப் புஸ்தகமாகவே தனியாக விற்கிறார்கள். ஒன்று அனுப்பியிருக்கிறேன். நாலாம் அதிகாரத்தில் அந்தக் கதை இருக்கிறது. நீங்களே படியுங்கள்.

உங்கள் பிரியமுள்ள தங்கை
ஜெயக்கொடி


கருவேலங்குளம்
மார்ச்சு 6

ஜெயக்கொடி அம்மாளுக்கு ஒச்சம்மாள் எழுதுறது.

புஸ்தகம் வந்துச்சு. நாலாம் அதிகாரம் படிச்சேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஆறு நாள் ஆச்சு.

அவரு தண்ணி குடிக்கல.

நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். உச்சி வெயில்ல கெணத்தடியில ஒக்காந்திருந்தாரு, தா அம்மான்னு கேட்டாரு, நான் கொடுத்தா நீரு குடிப்பீரான்னு அவ கேட்டா. அவரு ரெண்டு கையையும் குவிச்சாரு, அவ குடத்தைச் சாய்ச்சா, முழங்கை வழியா ஒழுக ஒழுகக் குடிச்சாரு. இப்படித்தானே சொன்னீக? புஸ்தகத்துல கேக்குறதோட சரி. அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சுத்தான். அவ குடத்தைப் போட்டுட்டு ஊருக்குள்ள ஓடிருதா. அவரு கூட வந்த சீசருக சோறு வாங்கிட்டு வந்து சாப்பிடுங்கங்குறாக. எனக்கு வேற ஆகாரம் இருக்குங்குறாரு. சோறும் வேணாமாம்! அங்கனயே புஸ்தகத்தை மூடிட்டேன்.

ஒங்களுக்கு எங்க கெணறு தெரியும். நாங்க படிக்குக் கீழ நிக்கணும். ஊர்க்காரவுகள்ல யாராச்சும் மனசு வந்து இறைச்சு, எட்ட நின்னு ஊத்துனாத்தான் எங்க குடத்துக்குத் தண்ணி. சில நாளு மத்தியானம் வரைக்கும் நிக்கணும். அப்படி நின்ன எடத்துல நான் நெனைச்சுக்கிருவேன், ஒருத்தரு எங்களை மாதிரி ஒருத்தி குடத்துல கை ஏந்திக் குடிச்சாருன்னு. அம்புட்டுத்தான் எனக்கு வேதம். அதைச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வச்சேன்.

கொழுந்தன் மருது கேட்டுட்டுச் சிரிக்கான். "மதினி, ஒங்க சாமியும் நம்ம ஊர்க்காரவுக மாதிரித்தான் போல. பேச்சு நல்லாப் பேசுவாக, செம்பைத் தொட மாட்டாக" அப்படிங்கான்.

இன்னொண்ணையும் கேட்டுருதேன். ஒண்ணரை வருசம் வந்தீகளே, எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சீகளா? கூசாவுல கொண்டாந்து குடிச்சீக. வகுத்துக்கு ஆகாதுன்னீக. நான் நம்புனேன். அவுகளுக்கு வகுறு சரியில்ல, ஆனா அவுக சாமி குடிச்சாருல்லன்னு இருந்தேன். இப்ப ரெண்டும் இல்ல.

ஞானஸ்தானம் வேணாம்னு போதகருகிட்டச் சொல்லிருங்க.

ஒச்சம்மாள்


கீழவாசல், மதுரை
11-3-1935

அன்புள்ள அக்காவுக்கு,

எப்போதும் "தங்கச்சி" என்று கூப்பிடுகிற நீங்கள் "ஜெயக்கொடி அம்மாளுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த முதல் வரியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு வேதப் புஸ்தகத்தை எடுத்து நாலு தடவை படித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் குடித்தார் என்று எழுதவில்லை. இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தை எத்தனை முறை படித்திருப்பேன்! என் கண் அந்த இடத்தில் இல்லாத வரியையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போயிருக்கிறது. நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அக்கா. ஆனால் பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

இந்தக் கதையை நான் முதலில் அறிந்தது படித்து அல்ல, என் மாமியார் வாயால். கல்யாணமான புதிதில் நெல் குத்துகிறபோது சொல்வார்கள். அவர்களிடமே போய்க் கேட்டேன்.

"அத்தே, அந்தக் கெணத்தடியில ஆண்டவரு தண்ணி குடிச்சாருன்னு எங்க எழுதியிருக்கு?"

"குடிக்காம? வெயில்ல நடந்து வந்த மனுசன். தண்ணி கேட்டுட்டுக் குடிக்காமப் போவாராக்கும். யாருடி சொன்னது?"

"புஸ்தகத்துல இல்லையே அத்தே."

"புஸ்தகத்துல என்னத்தக் கண்ட? நான் கண்ணால பார்த்தேன்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. மாமியார் ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் தெருவுக்கு முதன்முதலில் ஓர் உபதேசியார் நடந்து வந்திருக்கிறார். மேல்சாதியிலிருந்து வேதத்துக்கு வந்தவர். அந்தத் தெருவில் அவர் சொன்ன முதல் கதை இதுதான். சொல்லி முடித்துவிட்டு, மாமியாருடைய தாயாரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பயந்து நடுங்கிக்கொண்டு குடத்தைச் சாய்க்க, இவர் கையைக் குவித்துக் குடித்தாராம். முழங்கை வழியாக ஒழுக ஒழுக. தெருவே நின்று பார்த்ததாம். கதையையும் அதையும் அந்தப் பெண்கள் ஒன்றாகவே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் குடித்தது என்பது நாளடைவில் கலந்துபோயிற்று. அது என்னிடம் வந்து, என்னிடமிருந்து உங்களுக்கு வந்தது.

இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் நோட்டில் உள்ள கதைகளையெல்லாம் நாலு சுவிசேஷத்தோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முழுதாக இரண்டு நாள் ஆயிற்று. ஆண்டவர் பிறந்த பெத்லகேம் கதையில், இடமில்லை என்று விரட்டின சத்திரக்காரன் என்று ஒருவனே எழுதப்படவில்லை. நான் அவனுக்கு ஒரு மீசையும் வைத்திருந்தேன். நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று எழுதவில்லை. மரியாள் கழுதைமேல் போனதாக எழுதவில்லை. கூடச் சிலுவையில் அறையுண்ட கள்ளர்கள் இருவருமே அவரைப் பழித்தார்கள் என்று சுவிசேஷம் எழுதினவர்களில் இரண்டு பேர் எழுதியிருக்க, ஒருவன் மனம் திரும்பினான் என்று லூக்கா மட்டும்தான் எழுதியிருக்கிறார். நான் முதலில் இருவரும் பழித்து, பிறகு ஒருவன் அழுததாகச் சொல்லி வந்தேன். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதை ஒரே அம்மியில் அரைத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது வாய் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்த்திருந்தால் குற்றமில்லை. எனக்குத் தெரியவில்லை.

கூஜாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன், எழுதக் கை வரவில்லை. முதல் இரண்டு மாதம் எனக்கு உண்மையாகவே வயிற்றுக் கடுப்பு. வைத்தியர் காய்ச்சின தண்ணீர்தான் என்றார். பிறகு சரியாகிவிட்டது. ஆனாலும் கூஜாவைக் கொண்டுவந்தேன். ஏன் என்று நான் என்னையே கேட்கவில்லை. என் மாமியார் பிறந்தது உங்கள் தெருவைப் போன்ற தெருவில்தான், அக்கா. ஒத்தக்கடையில் ஓட்டு வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அவர் குடித்தார் என்று பதினொரு தடவை சொன்னவள், பதினொரு தடவையும் கூஜா மூடியைத் திறந்து குடித்துவிட்டு வண்டி ஏறியிருக்கிறாள்.

மன்னிப்பு என்று கேட்டால் நீங்கள் உடனே கொடுக்க வேண்டியதாகும். ஆகையால் கேட்கவில்லை. ஞானஸ்நானம் உங்கள் இஷ்டம். நான் சொன்னேன் என்பதற்காக எதுவும் செய்ய வேண்டாம்.

ஜெயக்கொடி


கீழவாசல், மதுரை
1-4-1935

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்புகிறபோதெல்லாம் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். "ஒனக்கு இல்லம்மா" என்று அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

போதகர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி எந்தத் தெருவிலும் கதை சொல்லப் போவதில்லை, தெரியாமலே கலப்படம் செய்கிறவள் கையில் அதைக் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன். அவர் நோட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, "மொதல்ல அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார். ஞானஸ்நானத் தேதியை அவர் இன்னும் அடித்து நீக்கவில்லை. அடிக்கச் சொல்லி எழுதுவதானால் அவருக்கே எழுதுங்கள்.

எனக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். நீங்களும் அத்தானும் சுகம் என்று மட்டும் யாரிடமாவது சொல்லியனுப்பினால் போதும்.

ஜெயக்கொடி


கருவேலங்குளம்
ஏப்பிரல் 9

தங்கச்சி ஜெயக்கொடிக்கு அக்கா எழுதுறது.

கோவிச்சுக்கிட்டு எழுதாம இருக்கல. கடலை பிடுங்கப் போயிட்டோம், அம்புட்டுப் பேரும். விடியப் போனா பொழுது சாயத்தான் வருவோம். இந்தக் கடிதாசியை நாலு நாளா மத்தியானக் கஞ்சி குடிக்கிற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா எழுதுதேன். மண்ணு ஒட்டியிருந்தா தட்டிட்டுப் படி.

மொதல்ல கோவந்தான். பொய் சொல்ல மாட்டேன். புஸ்தகத்தைக் கூரையில செருகிட்டேன். ஒன் கடிதாசி வந்ததும் அதை எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டுனேன். கூசா விசயம் வரைக்கும் படிச்சேன். அவரு கேட்டுட்டுச் சொன்னாரு, "தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆளை எனக்குத் தெரிஞ்சு இப்பத்தான் பாக்கேன். அந்தப் புஸ்தகத்தை எங்க வச்ச? பாதியில மூடிட்டேன்னியே, மிச்சத்தையும் படி. அந்த ஆளு என்னதான் செய்யிறாருன்னு பாத்துருவோம்."

கடலைக் காட்டுல புளிய மரத்தடியில வச்சுப் படிச்சேன். எங்க தெருச் சோணையம்மாள், மருது, எல்லாரும் கஞ்சிக் கலயத்தோட ஒக்காந்திருந்தாக. நான் ஒரு எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள மருது ஒரு வாய் குடிச்சு முடிக்கான். அந்தப் பொம்பள சொன்னதைக் கேட்டு ஊரே கெளம்பி வந்துச்சு. வந்து, எங்ககிட்டத் தங்குங்கன்னு அவரைக் கேட்டுக்கிட்டாக. ரெண்டு நாள் அங்க தங்குனாரு.

சோணையம்மாள் கலயத்தைக் கீழ வச்சுட்டா. "ஏய் நில்லு. இன்னொருக்காப் படி."

படிச்சேன். ரெண்டு நாள்.

"எந்தத் தெருவுல?"

"தெருவு என்ன தெருவு, அந்த ஊரே தள்ளி வச்ச ஊருதான்னு மொதல்லயே எழுதியிருக்கு. அவுக ஆளுக இவுகளோட எதுவுமே பொழங்க மாட்டாகளாம்."

"அப்ப ரெண்டு நாளு காத்தையா குடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு?" அப்படின்னா பாரு. ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து பொறை ஏறிருச்சு. மருதுவுக்கு வாய் சும்மா இருக்குமா? "சீசருக வேற வாங்கிட்டு வந்தாகளே மதினி, அந்தச் சோறு?"ங்கான். "அது ஒரு வேளைக்கு வரும். பன்னெண்டு தடிப் பயலுக. மிச்ச வேளைக்கு யாரு ஒலை வச்சா?"ன்னு சோணையம்மாள் சண்டைக்குப் போயிட்டா.

எங்க வீட்டுக்காரரு சொன்னதைத்தான் ஒனக்கு எழுதணும்னு நெனைச்சேன். "தாகம் தாங்காம எவனும் யாரு கையிலயும் வாங்கிக் குடிச்சுருவான். வழியில அலஞ்சு வந்தா ஊர்க்காரவுககூட நம்ம மரத்துல எளநி வெட்டிக் குடிக்காக. ராத் தங்குறது அப்படி இல்ல. அந்த வீட்டுப் பாயில படுக்கணும், அந்த வீட்டு மொகத்துல முழிக்கணும். குடிச்சாருன்னு நீங்க சொன்னது கம்மி"ன்னாரு.

தங்கச்சி, நீ கூட்டிச் சொல்லல, கொறைச்சுச் சொல்லியிருக்க.

எனக்கு நெஞ்சுல வச்சிருந்த கல்லை எறக்கி வச்ச மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் எங்க ஆளுக வாயை மூட முடியல. யாரு வீட்டுல தங்குனாரு, என்ன கொழம்பு, பாய் கிழிஞ்சு இருந்துச்சா, எல்லாம் பேச்சு. நான் சொன்னேன், இப்படியே விட்டா நாளைக்கு யாராச்சும் நம்மளை மாதிரி மோசம் போவாகன்னு. அதுனால ஒரு வழி வச்சிருக்கோம். கதை சொல்றவ மடியில புஸ்தகம் இருக்கணும். எழுதியிருக்கிறதைச் சொல்லும்போது கை புஸ்தகத்து மேல. நம்மளா நெனைக்கிறதைச் சொல்லும்போது கையை எடுத்துரணும். சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்சு போகும். சோணையம்மாள் கதை சொன்னா கை அந்தரத்துலதான் நிக்கும், புஸ்தகத்துக்கு எறங்கவே எறங்காது. ஆனா கேக்க நல்லா இருக்கும்.

ஒன் அத்தையோட அம்மா கதையையும் சொன்னேன். கையை எடுத்துட்டுத்தான் சொன்னேன். அதுக்குத்தான் ரொம்பப் பேரு அழுதாக.

நீ கதை சொல்லுறதை விடாத. போதகருகிட்ட நோட்டைத் திரும்ப வாங்கு.

ஞானஸ்தானத்துக்கு நாங்க தயாரு. மருது மட்டும் இன்னும் யோசிக்கான், யோசிக்கட்டும். ஆனா எங்க தெரு கூடி ஒரு பேச்சு வச்சிருக்கு. போதகரு காலையில வந்து முங்க வச்சுட்டு மத்தியானம் வண்டி ஏறுறதா இருந்தா வர வேணாம். ரெண்டு நாள் தங்கணும். எங்க வீட்டுலயும் சோணையம்மாள் வீட்டுலயும். நீயும்தான். இதை எழுதுறப்ப என் கை புஸ்தகத்து மேல இருக்கு.

ஒன் அக்கா
ஒச்சம்மாள்


கீழவாசல், மதுரை
13-4-1935

என் அன்பான அக்காவுக்கு,

கடலைக் காட்டு மண் என் மடியில் கொட்டியது. தட்டவில்லை.

கடிதாசியை நின்றுகொண்டே படித்து, பிறகு உட்கார்ந்து படித்து, பிறகு மாமியாருக்குச் சத்தமாகப் படித்தேன். "ரெண்டு நாளு தங்குனாராக்கும்? நான் அப்பமே சொன்னேன்ல" என்றார்கள். எப்போது சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு சண்டையும் இல்லாமல் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். நானும் ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அந்த வசனம் எனக்கும் தெரிந்ததுதான், அக்கா. ஆனால் நான் எப்போதும் கிணற்றடியிலேயே கதையை முடித்துவிடுவேன். பெண்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும் என்று. இத்தனை கவனமாகக் கணக்கு எழுதுகிறவள், கதையை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று ஒருநாளும் எழுதவில்லை.

போதகர் ஐயாவிடம் உங்கள் தெருவின் நிபந்தனையைச் சொன்னேன். அவர் வேதத்தை எடுத்து அந்த வரியை எனக்கு முன்னாலேயே படித்தார். "பத்தொன்பது வருஷமா கிராமங்களுக்குப் போறேன்மா. ஒரு தடவைகூட இருட்டுறதுக்கு முன்னால வண்டியைக் கட்டாம இருந்ததில்ல" என்றார். பிறகு, கிழமையைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்புவதாகச் சொன்னார். இங்கே இளைய உபதேசியாரிடம் அந்த ஞாயிறு ஆராதனையை ஒப்படைத்துவிட்டார். நோட்டையும் திருப்பிக் கொடுத்தார். "கையை எடுக்கிற வழக்கத்தை நானும் பிரசங்கத்துல பழகணும் போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாதி சிரிப்புத்தான், மீதி யோசனை.

நானும் வருகிறேன். மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் திருமங்கலத்திலிருந்து வருகிறாள். சித்திரைத் திருவிழா முடிந்து திருவாதவூர்ப் பக்கம் திரும்புகிற வண்டிகள் நிறைய இருக்கும், இவர் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவேன். இரண்டு ராத்திரியும் உங்கள் வீட்டில்தான். சோணையம்மாளிடம் போதகரை விட்டுவிடுங்கள், அந்த அம்மாள் பேச்சுக்கு ஈடு கொடுக்க அவர்தான் சரி.

ஒன்றே ஒன்று. உங்கள் பக்கத்துக் காரத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். முதல் நாள் குழம்பில் மிளகாயைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், அக்கா. இதை இப்போதே எழுதிவிடுகிறேன். வந்த இடத்தில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு முழிக்கக்கூடாது பாருங்கள்.

உங்கள் தங்கை
ஜெயக்கொடி